எனக்கு / பிள்ளைக்கு

வெருலம் கோர்ட்டில், ஜீவனாம்சப் பிரிவில்,
ஏழரைக்கே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது.
எனக்கு முன்னால் பதினொரு பெண்கள்.
கைக்குழந்தையோடு ஒரே ஓர் ஆண் வந்தான்.
அவனுக்கு எல்லோரும் வழிவிட்டோம்.
எங்களுக்கு இதுவரை யாரும் விட்டதில்லை.

படிவத்துக்குக் காசில்லை.
பேனாதான் இல்லை.
நொகுதுலா எழுதி முடித்துவிட்டுத் தன்னுடையதைத் தந்தாள்,
மூடியில் பல் தடம்.

மூன்றாம் பக்கத்தில் நடுவே ஒரு கோடு.
இடப்பக்கம்: எனக்கு.
வலப்பக்கம்: பிள்ளைக்கு.
அரிசி, பத்துக் கிலோ என்று எழுதி
நின்றுவிட்டேன்.
அவள் தட்டில் மிச்சம் வைப்பதை
நான்தான் தின்கிறேன்,
அது எந்தப் பக்கம்?
மின்சாரம்.
நடையில் விளக்கெரிந்தால்தான் திவேஷ்னி தூங்குவாள்.
அந்த வெளிச்சத்தில்தான் நான்
அவள் சட்டைக்கும் என் சட்டைக்கும்
இஸ்திரி போடுகிறேன்.
பாதி, பாதி என்று எழுதினேன்.
பல்வலி மாத்திரை: எனக்கு.
காலணி, அளவு பதின்மூன்று: பிள்ளைக்கு.
அந்த ஒரு வரியில்தான்
கை தயங்கவில்லை.

ம்கீஸே அம்மா கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறாள்.
ஒரு நாளைக்கு நாற்பது முறை சொன்ன பதில்களை
நாற்பத்தோராம் முறையும்
அவசரப்படாமல் சொல்கிறாள்.

கோயிலில் தாலி கட்டினார், பதிவு செய்யவில்லை.
கேட்க முடியுமா?
கல்யாணம் உங்கள் கணக்கு, அம்மா.
குழந்தை அவருடையதுதானே? போதும்.

எத்தனை வயசு வரைக்கும்?
தன் காலில் நிற்கும் வரைக்கும்.

(பத்தாம் மாதத்திலேயே நின்றுவிட்டாள்,
குளிர்பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு.
அன்றும் அவர் ரிச்சர்ட்ஸ் பேயில்.)

வேலையை விட்டுட்டேன் என்று சொன்னால்?
சொல்லட்டும். சம்பளச் சீட்டு பொய் சொல்லாது.
நீதிபதி உத்தரவு போட்டால்
முதலாளியே பிடித்து அனுப்புவார்.

பிறகு நான் குரலைத் தாழ்த்தினேன்.
அவர் காசு அனுப்பாத மாதம்
பிள்ளையைக் காட்டாமல் இருக்கலாமா?

கண்ணாடியை மூக்கில் ஏற்றி
என்னை முதல்முறையாகப் பார்த்தாள்.
கூடாது.
அது வேறு, இது வேறு.
அப்பாவைப் பார்ப்பது அவளுக்கும் உள்ள உரிமை.
அதை நீங்கள் அடகு வைக்க முடியாது.

வரிசையில் யாரோ 'ச்' கொட்டினாள்.
எனக்காகவா, சட்டத்துக்காகவா, தெரியவில்லை.

மூன்று சனிக்கிழமை.
ப்ரெகாசனிடம் போனில் சொன்னேன்:
அவளுக்குக் காய்ச்சல், வராதீங்க.
பையை மாட்டிக்கொண்டு கேட்டருகே நின்றவளிடம் சொன்னேன்:
அப்பா கார் வழியில் நின்னுபோச்சு.
ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நின்றாள்.
மூன்றாம் வாரம்
பையை இறக்காமலேயே
படியில் உட்கார்ந்து தூங்கிவிட்டாள்.

இதற்கு அந்தப் படிவத்தில் கட்டமில்லை.
இருந்தால்
கோட்டின் எந்தப் பக்கம் எழுதியிருப்பேன்?

ஆகஸ்ட் பத்தொன்பது, காலை ஒன்பது மணி.
சம்மன் அவருக்குப் போகும்.
முத்திரை காயுமுன் மடித்துவிட்டேன்,
என் பெயர் அவர் பெயரின் மேல்
தலைகீழாக ஒட்டிக்கொண்டது.

டாக்ஸியில் கடைசி இருக்கை.
ஜன்னல் பக்கத்தில் ஒரு பள்ளிப் பையன்
கரும்பு மென்றுகொண்டிருந்தான்.
அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான்
அவருக்கு அழைத்தேன்.
சனிக்கிழமை வாங்க.
கொஞ்ச நேரம் பேச்சில்லை,
கிரேன் இரைச்சல் மட்டும்.
காய்ச்சல் விட்டிடுச்சா?
விட்டிடுச்சு.
ஊர் போய்ச் சேரும்வரை
அந்த ஒரு சொல்லை
வாயில் வைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் திவேஷ்னி கேட்டாள்:
காரை ரிப்பேர் பண்ணிட்டாராமா?
பண்ணிட்டாராம் என்றேன்.

உடனே பையை எடுத்து வைத்தாள்.
இன்றைக்குச் செவ்வாய்தான்.
கட்டைவிரல் எட்டிப் பார்க்கும் காலணியை
ஈரத்துணியால் துடைத்து,
ஓட்டை தெரியாதபடி
சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.